இலங்கையில் மீன் சாப்பிட எங்கே போகலாம்? மாதத்தைச் சொல்லுங்கள், ஊரைச் சொல்கிறேன்

இலங்கைக்குச் சுற்றுலா போகிறோம், நல்ல மீன் எங்கே சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் முதலில் கேட்பது "எந்த மாதம்?" என்றுதான். எவ்வளவு செலவழிப்பீர்கள், காரம் தாங்குமா என்பதெல்லாம் அப்புறம். நான்கு பக்கமும் கடல் உள்ள தீவில் எங்கே போய் உட்கார்ந்தாலும் மீன் கிடைக்கும், சரி. அந்த மீன் எதிரே தெரிகிற கடலில் நேற்றிரவு பிடித்ததா, மறுகரையிலிருந்து லாரியில் வந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மே மாதம் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. யாழ்ப்பாணத்தில் இதைச் சோளகம் என்பார்கள். இந்த மாதங்களில் நீர்கொழும்பு, காலி, மிரிஸ்ஸ பக்கம் கடல் முரட்டுத்தனமாக இருக்கும். சிறிய படகுகள் பல நாள் கரையிலேயே கிடக்கும். அதே சமயம் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கடல் அமைதியாக, நன்றாகத் தொழில் நடக்கும். அக்டோபர் கடைசி, நவம்பர் வாக்கில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எல்லாம் தலைகீழ். கிழக்கும் வடக்கும் மழையில் நனையும், டிசம்பர் பிறந்தால் தெற்கும் மேற்கும் தெளிந்துவிடும்.

இதை மீனவர்களே செய்து காட்டுகிறார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பலர் சோளகக் காலத்தில் படகையும் வலையையும் எடுத்துக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய், திருகோணமலை, முல்லைத்தீவுப் பக்கம் வாடி (தற்காலிகக் குடிசை) போட்டுத் தங்கித் தொழில் செய்துவிட்டு, காற்று மாறியதும் ஊர் திரும்புவார்கள். பல தலைமுறைப் பழக்கம் இது. உள்ளூர்க்காரர்களோடு உரசலும் உண்டு, அது வேறு கதை. பிடிப்பவரே இடம் மாறும்போது, சாப்பிடப் போகிற நாம் ஏன் ஆகஸ்டில் மிரிஸ்ஸவுக்கு ரூம் போட வேண்டும்?

இரண்டாவது கேள்வி, மீன் எந்தப் படகில் வந்தது என்பது. துறைமுகத்துக்குப் பக்கத்து ஹோட்டல் என்றால் மீன் புதிதாக இருக்கும் என்று நம்பிவிடுவோம். இலங்கையின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் கட்டிக் கிடப்பவற்றில் பெரும்பாலானவை பலநாள் படகுகள். ஆழ்கடலுக்குப் போய், வாரக்கணக்கில் தங்கி, சூரையையும் மயில்மீனையும் ஐஸில் போட்டு நிரப்பிக்கொண்டு வருபவை. கடைசி நாட்களில் பிடித்த தரமான மீன் ஏற்றுமதிக்குப் போகும். முதல் வாரத்தில் பிடித்து ஐஸின் அடியில் கிடந்தது உள்ளூர்ச் சந்தைக்கு வரும். சாயங்காலம் போய் விடியற்காலை திரும்புகிற சின்ன ஃபைபர் படகின் மீன்தான் நமக்கு வேண்டியது. எந்த ஊருக்குப் போனாலும் ஹோட்டலில் "ஃப்ரெஷ்ஷா?" என்று கேட்காதீர்கள். எவரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. "ஒருநாள் படகு மீன் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். கேட்கிற விதத்திலேயே ஆளுக்கு விவரம் தெரியும் என்று புரிந்துகொள்வார்கள்.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஊர்களைப் பார்க்கலாம்.

நீர்கொழும்பு

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர்தான். பலர் வந்து இறங்கிய இரவையோ திரும்புகிற இரவையோ இங்கே கழித்துவிட்டு, இதை ஒரு ஊராகவே கணக்கில் எடுப்பதில்லை. மீனுக்காகப் போகிறவர்களுக்கு இது பெரிய நஷ்டம்.

களப்பு, அதாவது உப்பங்கழி, கடலோடு சேருகிற இடத்தில், பழைய டச்சுக் கோட்டைக்கு அருகே, லெல்லம என்கிற மீன் சந்தை இருக்கிறது. விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். ஈரத் தரையில் மீன் குவிந்திருக்கும். ஆள் நீளச் சூரையை மரக்கட்டையில் போட்டு, அகலமான கத்தியால் முதுகெலும்பை ஒட்டியே ஒரே இழுப்பில் பிளப்பார்கள். சதை ஆழ்ந்த சிவப்பாக, ஈரப் பளபளப்போடு இருந்தால் நல்ல மீன். பழுப்பு ஏறி, ஓரம் காய்ந்திருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம். வெட்டிய தலையும் குடலும் விழுகிற இடத்தில் காக்கைக் கூட்டம். சந்தையை ஒட்டிய மணலில் தென்னைநார்ப் பாய்களை விரித்து, உப்புநீர்த் தொட்டியில் ஊறிய மீனைப் பிளந்து வரிசை வரிசையாகக் காயவைத்திருப்பார்கள். வாடை தாங்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவார்கள். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குப் பசிக்கத் தொடங்கும்.

இந்த ஊரின் பலம் கடலைவிடக் களப்புதான். வெளியே கடல் கொந்தளித்தாலும் களப்பில் இறாலும் நண்டும் பிடிபடும். அதனால் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் நீர்கொழும்பு முழுசாகக் கைவிடாது. அப்போது பெரிய மீனை விட்டுவிட்டு இறால், நண்டு என்று கேட்டு வாங்குங்கள். லூயிஸ் பிளேஸ், பொருதொட்ட ரோடு நெடுக ஹோட்டல்கள். அவற்றில் பாதி வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களுக்காகச் சமைப்பவை, வெண்ணெயும் பூண்டும் தூக்கலாக இருக்கும். சின்ன விருந்தினர் விடுதியில் தங்கி, சந்தையில் நீங்களே வாங்கிவந்து கொடுத்தால் சமைத்துத் தருவார்களா என்று ரூம் போடும்போதே கேட்டுவிடுவது உத்தமம்.

ஊர் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிறவர்கள் குறைவு, சந்தையும் களையிழந்து கிடக்கும். சனி இரவு இறங்கி ஞாயிறு காலை சந்தை பார்க்கத் திட்டம் போட்டால் ஏமாற்றம்தான். இன்னொரு தகவல்: இங்குள்ள மீனவக் குடும்பங்களில் தமிழும் சிங்களமும் சேர்ந்தே புழங்குவது பழைய வழக்கம். பேரம் பேசத் தயங்க வேண்டாம்.

தெற்குக் கரை

உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ, தங்காலை. படங்களில் பார்த்து மயங்குகிற இடமெல்லாம் இங்கேதான். சாயங்காலம் ஆனதும் மிரிஸ்ஸக் கடற்கரையில் ஒவ்வொரு ஹோட்டலும் மணலில் மேசை போட்டு, முன்னால் ஐஸ் பரப்பி, பாரை, சங்கரா, சூரை, இறால், சிங்கி இறால் என்று அடுக்கிவைக்கும். நாம் கைகாட்டுவதை எடைபோட்டுச் சுட்டுத் தருவார்கள். விலை 100 கிராமுக்கா, கிலோவுக்கா என்று எடைபோடும் முன்பே கேளுங்கள். தராசு கண்ணில் படுகிற இடத்தில் நில்லுங்கள்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் பெரிய மோகம் இல்லை. அலைச் சத்தம், விளக்கு, காலுக்கடியில் மணல், எல்லாம் அழகுதான். ஆனால் நல்ல பாரையைப் பூண்டு வெண்ணெய் தடவிச் சுட்டு, ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவலோடு வைத்தால், நம் நாக்கு பாதிச் சாப்பாட்டில் ஊறுகாய் தேடும். மேலும் அந்த ஐஸ் மேசையில் உள்ள சூரை பல நேரம் பலநாள் படகு மீன். சூரை, அயிலை வகை மீன்கள் குளிர்ச்சி குறைந்து கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு சுட்டாலும் வேகவைத்தாலும் அது போகாது. சாப்பிட்டு அரைமணியில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடித்தால் மீன் ஒவ்வாமை என்று நினைப்போம். காரணம் அந்த மீனை வைத்திருந்த விதமாக இருக்கலாம். வாயில் மிளகுபோல் சுருக்கென்று குத்தினால் தட்டை அப்படியே தள்ளிவிடுங்கள். வெப்பமான மாலையில் ஐஸ் கரைந்து ஒழுகுகிற மேசையில் சூரையை வாங்காமல், முழுசாக இருக்கிற பாரையையோ சங்கராவையோ செவுள் திறந்து பார்த்து வாங்குவது நல்லது.

தெற்கின் உண்மையான ருசி மதியம்தான். சாலையோரச் சின்னக் கடையில் சோறு கறி கேளுங்கள். மீன் கறி, பருப்பு, கீரை மல்லுங் (தேங்காய்த் துருவல் சேர்த்த கீரைப் பொரியல்), தேங்காய்ச் சம்பல். கடற்கரை இரவுச் சாப்பாட்டோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. அம்புல் தியல் இருந்தால் விடாதீர்கள். சூரைத் துண்டுகளில் கொறுக்காயையும் மிளகையும் அரைத்துப் பூசி, சட்டியில் குழம்பே இல்லாமல் வற்ற வற்ற வேகவைப்பது. கொறுக்காய் நம் குடம்புளிதான். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் மீனைச் சில நாள் கெடாமல் வைத்துக்கொள்ள வந்த பண்டம். கருப்பாக, பார்க்க ஒன்றும் அழகில்லை. புளிப்பும் உறைப்பும் மீனின் உள்வரை இறங்கியிருக்கும்.

சிங்கி இறால் ஆசை உள்ளவர்கள் தேதியைப் பாருங்கள். பிப்ரவரி, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அதைப் பிடிக்கத் தடை. முட்டை சுமந்த சிங்கியை எந்த மாதத்திலும் பிடிக்கக் கூடாது. தடைக்காலத்தில் "இன்று காலை பிடித்தது" என்று யாராவது நீட்டினால், அது பொய்யாக இருக்கும் அல்லது குற்றமாக இருக்கும்.

கொக்கல பக்கம் கடலில் நட்ட கம்பத்தின்மேல் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களைப் படமெடுக்கப் பணம் கேட்பார்கள். அது இப்போது பெரும்பாலும் படத்துக்காகத்தான். அங்கே மீன் எதிர்பார்க்க வேண்டாம்.

கொழும்பு, ஒரு வேளைக்கு

கோட்டைப் பகுதியில், 17ஆம் நூற்றாண்டு டச்சு மருத்துவமனைக் கட்டடத்தில் 'மினிஸ்ட்ரி ஆஃப் கிராப்' இருக்கிறது. சமையல் கலைஞர் தர்ஷன் முனிதாச, கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜெயவர்தன, குமார் சங்கக்கார மூவரும் சேர்ந்து 2011இல் தொடங்கியது. இலங்கைக் களப்பு நண்டுக்குச் சிங்கப்பூரில் பெரிய பெயர். நல்லதெல்லாம் ஏற்றுமதியாகிவிட, உள்ளூரில் அந்தத் தரத்தில் கிடைக்காமல் இருந்த நண்டை ஊரிலேயே பரிமாற வந்த கடை இது. அரைக்கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை எடைவாரியாக விலை. முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது கஷ்டம். நண்டுச் சதை நிஜமாகவே இனிக்கும். ஆனால் பில் வந்தால், யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பமே நாள் முழுக்க நண்டு தின்றிருக்கலாமே என்று தோன்றும். கல்யாண நாள் மாதிரி ஏதாவது இருந்தால் போங்கள். இல்லையென்றால் சாயங்காலம் காலிமுகத்திடலுக்கு நடந்து, தள்ளுவண்டியில் இறால் வடை. பருப்பு வடையின் தலையில் முழு இறால், ஓட்டோடு மொறுமொறுவென்று இருக்கும்.

கிழக்கு

மே முதல் செப்டம்பர் வரை போகிறவர்களுக்கு இதுதான் கடல். நம் பள்ளிகளின் கோடை விடுமுறைக் கடைசியும் இதில் வந்துவிடுகிறது. திருகோணமலைக்கு வடக்கே உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் தங்கினால் காலையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள், மெல்ல நகர்ந்து வருகிற வலை, கடைசியில் மடி கரை ஏறும்போது துள்ளுகிற சாளையும் நெத்திலியும் சின்னப் பாரைகளும். படகில் ஐஸ் பெட்டி என்கிற பேச்சுக்கே இடமில்லாத மீன் இது. விலை படிந்தால் அங்கேயே வாங்கிவிடலாம். சின்ன மீன்தானே என்று ஒதுக்காதீர்கள்; உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பொரித்த கரைவலை நெத்திலிக்கு முன்னால் தெற்கின் ஐஸ் மேசை நிற்காது.

மட்டக்களப்பை 'மீன் பாடும் தேன்நாடு' என்பார்கள். பாட்டைக் கேட்க ராத்திரி கல்லடிப் பாலத்துக்குப் போவது ஒருபக்கம் இருக்கட்டும், களப்பு நண்டும் இறாலும் இங்கே தாராளம். பாசிக்குடாவின் பெரிய ரிசார்ட்டுகளில் தங்குகிறவர்கள் பஃபே மேசையில் என்ன வைக்கிறார்களோ அதைத்தான் சாப்பிடுவார்கள். குளிக்க அருமையான, ஆழமில்லாத கடல். மீனுக்காக அங்கே போக வேண்டியதில்லை. கிண்ணியா, மூதூர் போன்ற முஸ்லிம் ஊர்களில் வெள்ளிக்கிழமை வரத்து குறைவு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணம்

சமையலை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வதென்றால் மற்ற ஊர்களைப் பேசவே வேண்டாம், யாழ்ப்பாணம்தான். பாக்கு நீரிணைப் பக்கம் ஆழம் குறைந்த கடல், சின்னப் படகுகள், இரவு போய் விடியலில் திரும்புகிற தொழில். குருநகர், பாசையூர் பக்கம் காலையில் வந்திறங்கும் நண்டும் கணவாயும் மதியத்துக்குள் சட்டியில் இருக்கும். நண்டுக் கறிக்கு மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, வெந்தயம் எல்லாம் வறுத்து இடித்த கறித்தூள், புளி, தேங்காய்ப்பால்; இறக்கும்போது ஒரு கைப்பிடி முருங்கையிலை. செட்டிநாட்டுக் காரத்துக்குப் பழகியவர்களுக்கும் இது கொஞ்சம் உறைக்கும். சுறா வறை, கணவாய்க் கறி, மீன் சொதி. பக்கத்தில் புட்டோ இடியப்பமோ.

சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்த ஊரின் நல்ல சாப்பாடு வீட்டுக்குள் இருக்கிறது. நகரத்து ஹோட்டல்களில் நண்டுக் கறி கிடைக்கும், மோசமில்லை. ஆனால் ஒடியல் கூழை வீட்டில்தான் குடிக்க வேண்டும். அதனால் ஹோட்டலைவிட, சமைத்துத் தருகிற வீட்டு விடுதி பாருங்கள். நான் தங்கிய வீட்டு அம்மா முதல் நாள் இரவே கேட்டுவிட்டார்: "கூழ் வேணுமெண்டால் இப்பவே சொல்லுங்கோ தம்பி, விடியச் சந்தைக்குப் போக வேணும்." காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, கசப்பை இறுத்து எடுத்தார். பெரிய பானையில் மீன் தலை, நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் வெந்ததும், அரைத்த செத்தல் மிளகாயும் (காய்ந்த மிளகாய்) புளியும், அப்புறம் மாவுக் கரைசல். கெட்டியாகிப் பளபளவென்று கொதித்தால் கூழ். பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றித் தந்தார். உறைப்பில் மூக்கும் கண்ணும் ஒழுக, நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே குடிப்பது. இதை மெனு கார்டில் எழுதி விற்க முடியாது. நாலு பேராவது சுற்றி உட்கார்ந்தால்தான் ஒரு பானை செல்லும்.

நாள் பார்த்துப் போக வேண்டிய ஊர். நல்லூர்த் திருவிழா 25 நாள், ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிக்குள் வரும். அந்த நாட்களில் பல வீடுகளில் மீன் ஏறாது. வீட்டு விடுதியில் தங்கி நண்டு கேட்பது சங்கடம். திருவிழா பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் வாருங்கள், மீனை மறந்துவிடுங்கள். சாதாரண வாரங்களிலும் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையல்தான். நவம்பர், டிசம்பர் அடைமழை. பிப்ரவரி முதல் ஜூலை வரை, வெள்ளி தவிர்த்து, என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு நேரடி விமானம் இருக்கிறது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது, மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று. சந்தையில் பேச்சுக் கொடுத்தால் நம் இழுவைமடிப் படகுகள் (டிராலர்கள்) பற்றிய கோபம் வெளிவரும். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்துவிட்டது. நம் பக்கத்துப் படகுகள் வந்து வலையை அறுத்துப் போவதாக அவர்கள் சொல்வார்கள். விவாதம் செய்யாமல் காது கொடுத்துக் கேளுங்கள். நாம் ருசித்த நண்டு அந்தக் கடலில் பிடித்ததுதான்.

மன்னாரை ஒரு வரியில் சொல்லலாம்: கருவாடு வேண்டுமென்றால் போங்கள்.

அப்படியானால் எங்கே?

டிசம்பர் முதல் மார்ச் வரை, குழந்தைகளோடு, கடற்கரையும் வேண்டும் என்றால் தெற்கு. இரவுச் சாப்பாட்டைவிட மதியச் சோற்றை நம்புங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை திருகோணமலை, மறுபேச்சே இல்லை. கொழும்பில் வேலையாக வந்து ஒரு நாள்தான் மிச்சம் என்றால் நீர்கொழும்பு, ஞாயிறு தவிர. சாப்பாட்டுக்காகவே போகிறேன், கடலில் குளிக்காவிட்டாலும் பரவாயில்லை என்பவர்கள் பிப்ரவரிக்குப் பிறகு யாழ்ப்பாணம் போங்கள். என்னைக் கேட்டால் என் ஓட்டு இதற்குத்தான். நாலு பேராகப் போனால் கூழுக்கும் ஆள் சேர்ந்துவிடும்.

பெரிய ஹோட்டல்களில் மெனு விலைக்கு மேல் 10% சேவைக் கட்டணமும் 18% வாட் வரியும் சேரலாம். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். போயா (பௌர்ணமி) நாளில் மது விற்பனை கிடையாது.

ஏப்ரலில் இரு கரைகளிலும் கடல் ஓரளவு அடங்கியிருக்கும், எங்கே வேண்டுமானாலும் போகலாம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சிங்களவர், தமிழர் இருவருக்கும் பெருநாள் என்பதால் படகுகள் கரையேறிவிடும், கடைகள் பூட்டியிருக்கும், அந்த வாரம் கிடைக்கிற மீன் பெரும்பாலும் பெட்டியில் கிடந்த மீனாகத்தான் இருக்கும்.